ஆற்றுப் பக்கம் வழிந்த தண்ணீர்

மழைக்கால நோன்பு தொடங்கும் வாசோ பௌர்ணமி அன்று காலை, புத்தர் மாடத்தில் வைத்த ஐந்து கிண்ணங்களிலும் தண்ணீர் ஒரே பக்கமாக வழிந்ததைப் பார்த்து நுவே யீ செம்பைக் கீழே வைத்தாள்.

விளிம்பு தட்ட நிறைப்பதுதான் அவள் வழக்கம். பகவானுக்கு வைப்பதில் குறை வைக்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே பழகிய கை அது. முப்பது வருடமாக ஒரு சொட்டு கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. இன்று என்னவென்றால் முதல் கிண்ணத்தில் ஆற்றுப் பக்கத்து விளிம்பு தாண்டித் தண்ணீர் ஒழுகியது. எதிர்ப்பக்கத்தில் ஒரு நெல்மணி அளவுக்கு இடம் காலியாக நின்றது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். மறுபடியும் அப்படியே. இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது கிண்ணம் வரைக்கும் எல்லாம் ஒன்றுபோல் ஆற்றுப் பக்கமே வழிந்தன. மாடத்துப் பலகை ஆடுகிறதோ என்று அழுத்திப் பார்த்தாள். அது சுவரோடு சுவராக இறுகி நின்றது.

கைகூப்பியபடியே நின்றாள். மந்திரம் வாயில் வரவில்லை. மேசை இழுப்பறைக்குள் துணியில் சுற்றிக் கிடந்த ஒரு பொருள்தான் நினைவுக்கு வந்தது. பகவான் அதைப் பார்த்துவிட்டார், அதனால்தான் தண்ணீரை ஏற்கவில்லை என்று அவளுக்குப் பட்டுவிட்டது. வெளியே விடியலிலிருந்து மழை பெய்துகொண்டிருந்தது.

"என்ன நுவே, இன்னிக்கு சாமி உன்னை விட மாட்டேங்குறாரா?" என்றார் கட்டிலிலிருந்து அவள் கணவர் பா நியான். பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மெதுவாக வந்தாலும் கேலிக்குக் குறைவில்லை.

அவள் இழுப்பறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் சுவருக்குள்ளிருந்து டிக் டிக்கென்று சத்தம் வருகிறதே, அதை மட்டும் கேட்டாள்.

"மரம் ஈரம் குடிக்குது. நூறு வருஷத்துத் தேக்கு. கீழ நிக்கிற இரும்புத் தூண் ஸ்காட்லாந்துல வார்த்து கப்பல்ல வந்தது. போன வருஷம் புயலடிச்சப்போ ஊரே பறந்துச்சு, இது அசைஞ்சுதா? போயி டீயைப் போடு."

பா நியான் நிலப்பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். பான்சோடான் சாலையின் ஒவ்வொரு கட்டடமும் யார் கட்டியது, எந்த வருடம், செங்கல் எங்கே சுட்டது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எதிரே தெரிகிற கப்பல் கம்பெனிக் கட்டடத்தின் பெரிய தூண்களை வெறும் பகட்டு என்பார். இந்தச் சாலைக்கு ஒரு காலத்தில் வெள்ளைக்காரக் கமிஷனர் பேர் இருந்தது, அதற்கும் முன்னால் இங்கே துணிக்குச் சாயம் தோய்ப்பவர்கள் குடியிருந்தார்கள், கடைசியில் அவர்கள் பேர்தான் நின்றது என்று சொல்லிச் சிரிப்பார். நுவே யீயும் பா நியானும் குடியிருந்த ஆரத்தூன் மாளிகை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில் ஓர் ஆர்மீனிய வியாபாரி கட்டியது. தரையில் மான்செஸ்டர் ஓடு, உத்தரத்தில் தேக்கு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சிமெண்டில் வார்த்த பூமாலை. வியாபாரி போய், சண்டை வந்து போய், அரசாங்கம் வந்து, ஒரு மாளிகை ஏழு குடித்தனமாயிற்று. மேலே ஆலமரக் கன்று ஒன்று வேர்விட்டது. அது அரச மரத்துக்கு உறவு என்று யாரும் வெட்டவில்லை.

ஏழு குடித்தனத்துக்கும் பால்கனியிலிருந்து ஏழு கயிறு தொங்கும். கயிற்றின் அடியில் ஒரு கவ்வி, மேல் நுனியில் ஒரு மணி. பேப்பர்காரனோ, மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்பவளோ கீழிருந்து கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். கவ்வியில் மாட்டியதை வீட்டுக்காரர் தூக்கிக்கொள்வார். செங்குத்தான அந்தப் படியில் ஒரு நாளைக்கு நாலு தடவை யாரால் ஏறி இறங்க முடியும்?

நுவே யீயின் கயிறு பச்சை. அவளுக்கு நேர் கீழ்த்தளத்தில் இருந்த, ஊரார் மரியாதைக்கு 'ஊ' சேர்த்து அழைக்கும் சோ தின்னின் கயிறு சிவப்பு. இரண்டும் ஒரு சாண் இடைவெளியில் பதினொரு வருடம் ஒன்றையொன்று தொடாமல் தொங்கின. இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்துதான் பிணக்கு. தினமும் இரண்டும் பின்னிக்கொண்டன. சோ தின் சாலையோரத்தில் பழைய புத்தகக் கடை போட்டிருப்பவர். மனைவியை இழந்தவர். வாய் கொஞ்சம் கூர்மை. மேல்வீட்டுக்காரி வேண்டுமென்றே கயிற்றைத் தள்ளிக் கட்டுகிறாள் என்று மொஹிங்காக்காரியிடம் சொல்லிவிட்டார். அவளும் விடவில்லை, அந்தக் கிழவருக்குக் கயிறு கட்டவும் தெரியாது, சம்சாரம் போனதும் எல்லாம் போச்சு என்று பதிலுக்குச் சொல்லி அனுப்பினாள். அந்த வார்த்தை போய்ச் சேர்ந்த அன்றே அவளுக்குத் தூக்கம் கெட்டது. ஆனாலும் திரும்பி வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் பா நியானின் மருந்து பாட்டில் கயிற்றில் ஏறிக்கொண்டிருந்தபோது சிவப்புக் கயிறு குறுக்கே சுற்றிக்கொண்டது. பாட்டில் நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. கண்மண் தெரியாத கோபத்தில் கத்தரிக்கோலை எடுத்துவந்தவள், பின்னிக்கொண்ட இரண்டையும் சேர்த்து இழுத்து, சிவப்பை மட்டும் வெட்டிப் போட்டாள். இழுத்த வேகத்தில் கீழ்வீட்டு மணியும் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு சாலையில் போய் விழுந்தது. அரசிலை நாக்கு வைத்த சின்னப் பித்தளை மணி. அதைக் கட்டியது சோ தின்னின் இறந்துபோன மனைவி. மொஹிங்காக்காரி அதை எடுத்து, யாருடையது என்று தெரியாமல் பச்சைக் கயிற்றின் கவ்வியிலேயே மாட்டி அனுப்பிவிட்டாள்.

நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் இழுப்பறையில் வைத்தாள். நாளை என்பது மூன்று வாரமாயிற்று. கொடுக்காத பொருளை எடுப்பதில்லை என்று ஒவ்வொரு நாளும் மாடத்தின் முன் உறுதி சொல்கிற வாய், சாலையில் மழையில் குனிந்து மணியைத் தேடிய மனிதரைப் பார்த்துக்கொண்டே மூடியிருந்தது. அதன் பிறகு ஒவ்வொன்றும் அவளுக்குத் தண்டனையாகவே தெரிந்தது. சுவரில் டிக் டிக் சத்தம். கணவரின் கொசுவலை மேல் காலைதோறும் மாவு தூவியதுபோல் சுண்ணாம்பு. அடுத்தது என்ன, இவர் உயிரா என்று நினைத்து நினைத்துப் பயந்தாள். இன்றைக்குத் தண்ணீரும் வழிந்துவிட்டது.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் இழுப்பறையைத் திறந்து மணியை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். ஒரு கிண்ணத்தில் மொஹிங்காவையும் ஊற்றிக்கொண்டு, கீழே போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

சோ தின்னின் கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து, "யாரானாலும் சரி, தள்ளுங்க. நான் இந்தப் பக்கம் இழுக்கிறேன். கதவு ஒரு வாரமா இப்படித்தான் பிடிச்சுக்குது" என்று குரல் வந்தது. அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. அவளைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

"கத்தரிக்கோலை மேலயே வச்சிட்டு வந்துட்டியா?"

அவள் மணியை எடுத்து நீட்டினாள். அசைந்ததில் மணி ஒலித்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் வாங்கி, லுங்கி முனையால் ஒரு தடவை துடைத்தார்.

"மூணு வாரமா எங்கிட்டதாண்ணே இருந்துச்சு. நான்தான் ஒளிச்சு வச்சேன். அண்ணியைப் பத்தி நான் சொன்ன சொல்லும் தப்பு. நீங்க மன்னிக்காட்டியும் பரவால்ல, வாங்கிக்கிட்டாப் போதும். சாமி என் தண்ணியைக்கூட ஏத்துக்க மாட்டேங்குது."

அவருக்குத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்திருக்கும். ஆனால் அழுகிற பெண்ணிடம் எப்படித் திட்டுவது? ஒரு முக்காலியைத் தள்ளிப் போட்டார். மொஹிங்காவை வாங்கி வைத்துக்கொண்டு, சரி, நானும் ஒன்று கேட்கிறேன் என்று ஆரம்பித்தார். தினமும் மேலே எதை இடிக்கிறாய்? என் சோற்றுத் தட்டில் சுண்ணாம்பு விழுகிறது. என் மேல் இருந்த கோபத்தில்தானே?

அவள் திகைத்துப்போனாள். மேலே யாரும் எதையும் இடிக்கவில்லை, எங்கள் கொசுவலையிலும்தான் விழுகிறது என்றாள். கயிற்றைத் தள்ளிக் கட்டினாயே என்றார். கட்டிய முடிச்சைப் பதினொரு வருடமாகத் தொடவே இல்லை என்றாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தண்ணி ஏத்துக்கலன்னியே, அது என்ன?"

அவள் விவரம் சொன்னாள். ஐந்து கிண்ணமும் ஒரே பக்கம், ஆற்றுப் பக்கம், எதிரே நெல்மணி அளவு காலி.

சோ தின் எழுந்து ஒரு கண்ணாடித் தம்ளரை நிறைய நிரப்பி, அறையின் நடுவே பூப்போட்ட ஓட்டின் மேல் வைத்தார். இருவரும் முட்டி போட்டுக் குனிந்தார்கள். தண்ணீர் ஆற்றுப் பக்கம் மெல்லிய கோடாக வழிந்து, ஓட்டின் இடுக்கைப் பிடித்து, யாரோ கூப்பிட்டதுபோல் நேரே சுவரை நோக்கி ஓடியது.

"தண்ணி கோச்சுக்கல தங்கச்சி," என்றார் தாழ்ந்த குரலில். "வீடு சாயுது."

அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். மேலே, சாய்கிற அந்த வீட்டில், எழுந்து நடக்க முடியாத மனிதர் டீக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு அவர் கீழே ஓடினார். அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்த இடத்தில் காலை ஊன்றினாலும் பாரம் கூடிவிடுமோ என்று பயந்து, மூச்சைக்கூட அளந்து விட்டாள். சுவருக்குள் டிக் என்றது. அதுவரை பாவக் கணக்கு எண்ணுவதாக நினைத்திருந்த சத்தம், இப்போது செங்கல் பிடி விடுகிற சத்தமாகக் கேட்டது. இதற்கு அதுவே தேவலை போலிருந்தது.

அவர் திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. கீழே ஆற்றுப் பக்கத்துக் கடையை எடுத்த புது ஆள், கடையை அகலமாக்க இடைச்சுவரை உடைத்து எடுத்திருக்கிறான். ஷட்டர் இடுக்கு வழியே பார்த்தால் ஸ்காட்லாந்து இரும்புத் தூண் அப்படியே நிற்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தூணைச் சுற்றி இருந்த தரை உள்வாங்கியிருக்கிறது. வெளிச்சுவர் வெடிப்புக்குள் என் கை முழுசாகப் போகிறது என்றார். பண்டிகை நாள். கடையும் பூட்டு, அலுவலகங்களும் பூட்டு. குடித்தனக்காரர்களில் பாதிப் பேர் புத்தர் கோயிலுக்குப் போய்விட்டார்கள்.

"வா. மொதல்ல உன் வீட்டுக்காரரை எறக்குவோம்."

பா நியான் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் முகம் பார்க்காதவர்கள் ஒன்றாக வந்து நிற்பதே அவருக்கு வேடிக்கையாக இருந்தது. நூறு வருட இரும்பு, இரண்டு சண்டைக்காரர்கள் ராசியானதற்காக விழாது என்றார். சோ தின் கட்டிலின் முன் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"இரும்பு விழாது, ஊ பா நியான். அது மட்டும் நிக்கும். நாமதான் அதைச் சுத்திக் கெடப்போம். ஏறுங்க, சின்ன வயசுல ஆனை ஏறினதில்லையா?"

கணவரின் நல்ல கையை எடுத்து சோ தின்னின் கழுத்தைச் சுற்றி வைத்தாள் நுவே யீ. விழுந்துபோன காலைப் போர்வையால் அவர் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். மாடத்திலிருந்து கையடக்கமான புத்தர் சிலையை எடுத்துத் தலைத்துணியில் சுற்றிக்கொண்டாள். கிண்ணங்களைத் தொட நேரமில்லை.

படி ஒருவர் மட்டும் இறங்கக்கூடிய அகலம். வெளிச்சம் கிடையாது. சோ தின்னுக்கு அறுபது வயது. ஒவ்வொரு படிக்கும் மூச்சு வாங்கினார். அவள் பின்னால் கணவரின் முதுகைத் தாங்கியபடி, எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டாவது திருப்பத்தில் தலைக்கு மேல் எங்கேயோ துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். மூவரும் உறைந்து நின்றார்கள். சுண்ணாம்பு மழை அவள் தலையில் கொட்டியது. இருட்டில் பா நியானின் இதயம் அவள் உள்ளங்கையில் அடிப்பது தெரிந்தது.

"நிக்காத தங்கச்சி. நீ நின்னா நானும் நிப்பேன். எனக்கு நிக்கத் தெம்பு இல்ல."

அந்தப் பேச்சுதான் அவளை நகர்த்தியது.

மழை கொட்டுகிற சாலையைக் கடந்து, எதிர் நடைபாதையில் இருந்த சோ தின்னின் புத்தகக் கடை மேசைமேல், பிளாஸ்டிக் விரிப்புக்கு வெளியே பாதி நனைய, பா நியானை உட்கார வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. மொட்டைமாடியின் சிமெண்ட் மாலை பக்கத்துக் கட்டடத்தின் நேர்க்கோட்டோடு சேராமல், தலை சாய்த்துக் கேட்பதுபோல் ஆற்றுப் பக்கம் இறங்கியிருந்தது. இத்தனை நாள் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மற்ற வீட்டில் இருந்தவர்களைக் கதவு தட்டி இறக்கியாயிற்று. உச்சித்தளத்தில் தையல்காரி மீ லேயும் அவள் மூன்று பிள்ளைகளும் மட்டும் இருந்தார்கள். தையல் இயந்திரத்தின் கடகடப்பு மழையையும் மீறிக் கேட்டது. கீழிருந்து கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் படியேறக் காலெடுத்த சோ தின்னை நுவே யீ தடுத்தாள்.

"அண்ணே, கயிறு."

அவள் மீ லேயின் மஞ்சள் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். சோ தின் பச்சையையும் நீலத்தையும் பிடித்தார். மொஹிங்காக்காரி கூடையைக் கீழே வைத்துவிட்டு மிச்சத்தைப் பிடித்தாள். ஆளில்லாத வீடுகளிலெல்லாம் மணி அடித்தது. ஆரத்தூன் மாளிகை கட்டிய நாளிலிருந்து இத்தனை மணி ஒன்றாக அடித்ததில்லை. இயந்திரம் நின்றது. மீ லே பால்கனியில் வந்து, துணி அவசரம், யாருக்கு இவ்வளவு அவசரம் என்று ஏசத் தொடங்கினாள். சோ தின் கையை நீட்டி எதிரே காட்டினார். இரண்டு வருடமாகக் கட்டிலை விட்டு இறங்காத பா நியான் மழையில் மேசைமேல் உட்கார்ந்து, நல்ல கையால் அவளைக் கீழே வா, கீழே வா என்று அழைத்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே ஓடினாள். இரண்டு நிமிடத்தில் கைக்குழந்தையும் இரண்டு பிள்ளைகளுமாகச் சாலையில் நின்றாள்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பெரிய சோதனை. அரைமணி நேரம் போயிற்று, ஒரு மணி நேரம் போயிற்று. கட்டடம் நின்ற இடத்திலேயே நின்றது. குடை பிடித்துக் கூடியவர்கள் கேலி பேசத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரன் காலத்து வீடு விழுந்துடும்னு மணியடிச்சு மிரட்டுறீங்களா என்றான் ஒருவன். மீ லே துணியை எடுத்துவரப் போவதாக முனகினாள். தீயணைப்பு நிலையத்துக்குப் போன ஆள் இன்னும் திரும்பவில்லை.

நுவே யீ சாலைமுனைக் கட்டடத்தின் மணிக்கூண்டைப் பார்த்தாள். பன்னிரண்டாகப் பத்து நிமிடம். உச்சிப்பொழுதுக்குள் மாடத்துத் தண்ணீரை எடுத்துவிட வேண்டும். பொழுது தாண்டி விடக் கூடாது. முப்பது வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. இன்று காலைதான் ஒரு பாவத்தைக் கழித்தோம், உடனே அடுத்ததா? ஓடிப்போய் ஓடி வந்துவிடலாம் என்று தோன்றியது. பயம் காலைப் பின்னுக்கு இழுத்தது, பக்தி முன்னுக்குத் தள்ளியது. அவள் நடைபாதையிலிருந்து இறங்கினாள்.

பின்னால் அவள் உடுத்திய லுங்கியை யாரோ பிடித்து இழுத்தார்கள். பா நியான். நல்ல கையில் அவ்வளவு பலம் இருந்ததை அவள் மறந்தே போயிருந்தாள்.

"காலையில ஒனக்குச் சேதி சொன்னதே அந்தத் தண்ணிதான்," என்றார். "சொல்லவேண்டியதைச் சொல்லிடுச்சு. அது அங்கயே இருக்கட்டும். பகவான் ஒன்னும் தப்பா நெனைக்க மாட்டாரு. நீ எம்பக்கத்துல உக்காரு."

கேலியும் இரும்புப் பெருமையும் இல்லாமல் அன்று அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். அவள் உட்கார்ந்தாள். அவர் பிடியை விடவில்லை.

மணிக்கூண்டு பன்னிரண்டு அடித்து முடிந்த சற்று நேரத்தில், ஆற்றுப் பக்கத்துச் சுவர் வயிற்றைத் தள்ளுவதுபோல் முன்னால் புடைத்தது. பிறகு உட்கார்ந்தது. மூன்று தளமும் ஒன்றின் மேல் ஒன்றாக, நிதானமாக, களைத்த மனிதன் உட்காருவதுபோல் இறங்கின. மான்செஸ்டர் ஓடுகள் சிதறிச் சாலையில் ஓடின. செம்மண் நிறத் தூசி மழையையும் மீறி எழுந்து எல்லோர் முகத்தையும் மூடியது. தூசி அடங்கியபோது ஆலமரக் கன்று சாலையில் கிடந்தது. ஸ்காட்லாந்து தூண் மட்டும் நட்டது நட்டபடி நடுவில் நின்றது. கேலி பேசியவன் குடையை மடக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். மீ லே குழந்தையை இறுக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் அழுதாள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அன்று மாலை பக்கத்து மடாலயத்தின் பிரசங்க மண்டபத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். பாய் விரித்து, கஞ்சி ஊற்றினார்கள். யாராவது கதவைச் சாத்தினால்கூட நுவே யீக்கு உடம்பு தூக்கிப்போட்டது. ஒரு மணியை இன்னும் ஒரு நாள் ஒளித்து வைத்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் பா நியானின் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை தலைத்துணியிலிருந்து புத்தர் சிலையை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தாள். கிண்ணங்கள் போய்விட்டன. மடாலயத்தில் ஒரு தகரத் தம்ளர் கொடுத்தார்கள். தண்ணீரை ஊற்றியவள், விளிம்புக்கு இரண்டு விரல் குறைவாகவே நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் ஊற்றக் கை போகவில்லை. நிறைத்துவிட்டால் எந்தப் பக்கம் வழியுமோ?

சோ தின் அடுத்த பாயில் உட்கார்ந்து பித்தளை மணிக்குப் புதுச் சிவப்பு நூல் கோத்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் சேர்த்து வைத்திருந்த ஆயிரம் புத்தகம் அந்த இடிபாட்டுக்குள் கிடந்தது. அவள் கையையும் தம்ளரையும் பார்த்தார்.

"தரைத்தளம்தான் தங்கச்சி இது," என்றார். "நெறைய ஊத்து. வழிஞ்சா எந்தப் பக்கம்னு நானும் சேர்ந்து பாக்குறேன்."

அவர் எழுந்து வந்து பக்கத்தில் குனிந்து நின்றார். அவள் ஊற்றினாள்.